நடக்கத் தெரு கேட்கிறோம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழரை மணிக்கு, கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் துன் சம்பந்தன் மோனோரயில் நிலையப் படிக்கட்டின் கீழே பத்துப் பன்னிரண்டு பேர் கூடுகிறோம். கையில் அளவு நாடா, குடை, ஒரு காலிச் சக்கர நாற்காலி. போகிறவர்கள் நின்று கேட்கிறார்கள்: சர்வேயா? கட்சியா? யாருக்காவது உடம்பு சரியில்லையா? நின்ற இடத்தில் சொன்ன பதில்களைச் சேர்த்து எழுதி வைத்தால் அடுத்த முறை தொண்டை பிழைக்கும் என்று இதை எழுதியிருக்கிறேன்.

நீங்கள் யார்? எந்தக் கட்சி?

கட்சி இல்லை. சங்கமாகக்கூடப் பதியவில்லை. அக்கம்பக்கத்து அடுக்குமாடிகளில் குடியிருக்கிறவர்கள்தான்: ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியை, பூக்கட்டும் ஓர் அக்கா, கல்லூரி மாணவர்கள் இருவர், பார்வையற்ற நண்பர் ஒருவர், அப்புறம் நான். மற்றவர்கள் வருவார்கள், போவார்கள்.

ஒரு தடவைக்கு ஒரு பாதை, அதுதான் வேலை. வீட்டு வாசலிலிருந்து ரயில் நிலையம் வரை, அல்லது கோயிலிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை, ஐந்நூறு மீட்டரைத் தாண்டாத தூரம். எல்லாருமாக அதை நடந்து பார்ப்போம். எங்கே கால் தடுக்குகிறது, எங்கே ரோட்டில் இறங்க வேண்டியிருக்கிறது, எங்கே கடக்கப் பயமாக இருக்கிறது என்று அளந்து, படம் எடுத்து, மாநகர் மன்றத்துக்கு எழுதுவோம். “நடங்கள், உடம்புக்கு நல்லது” என்று யாருக்கும் புத்தி சொல்வதில்லை. பாதை ஒழுங்காக இருந்தால் சனம் தானாக நடக்கும். எங்கள் கட்சி அதுதான்.

கோலாலம்பூர் வெயிலில் யார் நடப்பார்கள்?

நியாயமான கேள்வி. பகலில் 32, 33 டிகிரி. சாயங்காலம் இடியோடு மழை. சட்டை நனையாமல் அலுவலகம் போய்ச் சேர முடியாதுதான்.

ஆனால் தைப்பூசத்தை ஒட்டிய ரத ஊர்வல இரவில் என்ன நடக்கிறது? ஜாலான் துன் எச்.எஸ்.லீ தெருவிலுள்ள மகா மாரியம்மன் கோயிலிலிருந்து வெள்ளி ரதம் புறப்பட்டு, ஏறக்குறைய 15 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பத்துமலை முருகன் கோயிலுக்குப் போகிறது. பின்னால் ஆயிரக்கணக்கானவர்கள், பாதிப்பேர் செருப்பில்லாமல். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடப்பவர்கள், எழுபது வயதுப் பாட்டிகள். போய்ச் சேர்ந்த கையோடு 272 படி வேறு. மறுவாரம் அதே பாட்டியை நான்கு தெரு தள்ளியிருக்கும் கிளினிக்குக்கு நடந்து போகச் சொல்லுங்கள், “கிராப் கார் கூப்பிடு” என்பார்.

அன்றைக்கு மட்டும் என்ன வேறு? பக்தியைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டுப் பாருங்கள். ரோட்டில் கார் இல்லை. தடுக்கி விழப் பள்ளமில்லை. வழியெல்லாம் தண்ணீர்ப் பந்தல். உட்கார இடம். வெளிச்சம். கூட நடக்க ஆள். வெயில் தாழ்ந்த நேரம். நடப்பவருக்கு வேண்டியதெல்லாம் அதில் இருக்கிறது. வருஷத்தில் ஓர் இரவு கிடைக்கிறது, மற்ற நாளில் கிடைப்பதில்லை.

நிழலுக்கு இந்த ஊரிலேயே பழைய வைத்தியம் உண்டு. 1881-ல் கோலாலம்பூர் தீயிலும் வெள்ளத்திலும் அழிந்தபின், அத்தாப்பு ஓலை வீடுகளுக்குப் பதில் செங்கல்லும் ஓடும் வைத்துக் கட்டச் சொன்னார் பிரிட்டிஷ் அதிகாரி ஃப்ராங்க் ஸ்வெட்டன்ஹாம். அந்தச் செங்கல் சூளைகளால்தான் பிரிக்ஃபீல்ட்ஸுக்கு இந்தப் பெயரே வந்தது. பழைய கடைவீடுகளின் முன்னால் மாடியைத் தாங்கும் தூண்களுக்கு உள்ளே ஓடும் ஐந்தடி நடைவழி, நாம் காக்கி லீமா என்கிறோமே, அது வெயிலும் மழையும் படாமல் தெரு முனை வரை கொண்டுபோய் விடும். இன்றைய புதுக் கட்டடங்கள் அதை மறந்து, கண்ணாடிச் சுவரையும் கார் நுழைவாயிலையும் தெருப்பக்கம் திருப்பி வைத்திருக்கின்றன.

நிழலுக்கு மரம் என்பீர்கள், மரம் விழுந்து ஆள் சாகவில்லையா?

2024 மே 7-ஆம் தேதி ஜாலான் சுல்தான் இஸ்மாயிலில் பெரிய மரம் சாய்ந்து ஒருவர் இறந்தார். அந்தப் பயத்தைச் சிரித்துத் தள்ளமாட்டேன். வேரைச் சுற்றி நான்கு பக்கமும் சிமென்ட் பூசி, குழாய் பதிக்கத் தோண்டும்போது வேரை வெட்டினால் எந்த மரமும் ஒரு நாள் சாயும். எனவே நாங்கள் மரத்தை மட்டும் கேட்பதில்லை, மரத்தடியில் மண்ணையும் கேட்கிறோம். நல்ல தூங்குமூஞ்சி மரம் ஒன்று இருக்கிற தெருவில் நண்பகலிலும் நிற்கலாம்.

மலேசியர்கள் சோம்பேறிகள் என்று ஆராய்ச்சியே சொல்லிவிட்டதே?

அந்த ஆராய்ச்சி அப்படிச் சொல்லவில்லை. 2017-ல் ‘நேச்சர்’ இதழில் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் வெளியிட்டது அது. ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் கைப்பேசி எண்ணிய காலடிகளை வைத்துக் கணக்குப் போட்டார்கள். ஹாங்காங்கில் சராசரி ஒரு நாளைக்கு 6,880 அடி. மலேசியாவில் 3,963. நமக்கும் கீழே இந்தோனேசியா, 3,513. நாளிதழ்கள் ‘சோம்பேறி நாடுகள்’ என்று தலைப்புப் போட்டுவிட்டன.

ஹாங்காங் ஒன்றும் குளிர்ப் பிரதேசம் அல்ல. கோடையில் நம்மைவிட மோசமாக வியர்க்கும். அங்கே ரயிலைவிட்டு இறங்கினால் மூடிய நடைபாலமும் நகரும் படியும் கடைத்தெருவும் தொடர்ந்து வருகின்றன, அவ்வளவுதான். அதே ஆய்வில் அமெரிக்க நகரங்களையும் பார்த்திருக்கிறார்கள். நடக்க வசதியான நகரங்களில் ஆணும் பெண்ணும், இளையவரும் முதியவரும் கூடுதலாக நடக்கிறார்கள். சோம்பேறித்தனம் ஊருக்கு ஊர் மாறுகிறதென்றால் அது ஆளிடம் இருக்கிற குணம் ஆகாது.

ஏன் பிரிக்ஃபீல்ட்ஸில் தொடங்கினீர்கள்?

நாங்கள் இங்கே குடியிருக்கிறோம் என்பது முதல் காரணம். மேலும், நாட்டின் மிகப் பெரிய ரயில் சந்திப்பு வீட்டு வாசலில் இருந்தும் நடக்க முடியாமல் போனால் எப்படி இருக்கும் என்பதை இங்கே நன்றாகப் பார்க்கலாம்.

அந்தச் சந்திப்பான கேஎல் சென்ட்ரல் 2001-ல் திறந்தது. மோனோரயில் 2003-ல் வந்தது. அதன் கடைசி நிலையத்துக்கும் கேஎல் சென்ட்ரல் என்றே பெயர். ஆனால் இரண்டுக்கும் நடுவே நேரடி வழி இல்லை. பெட்டியை இழுத்துக்கொண்டு வெளியே வந்து, ரோட்டைக் கடந்து, கட்டுமானத் தகரவேலி ஓரமாக வெயிலில் போக வேண்டும். 2014-ல் நியூ சென்ட்ரல் பேரங்காடி திறந்தபிறகுதான் குளிர்சாதனக் கூரையடியில் வழி கிடைத்தது. பதினோரு ஆண்டு! அதுவும் கடைகளுக்கு ஊடே. இரண்டு கோடுகளை இணைப்பதற்குள் ஒரு குழந்தை பிறந்து ஐந்தாம் வகுப்பு வந்துவிட்டது.

2010 அக்டோபரில் அப்போதைய பிரதமர் நஜிப்பும் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கும் சேர்ந்து இங்கே லிட்டில் இந்தியாவைத் திறந்து வைத்தார்கள். வளைவு, வண்ணத் தூண், நீரூற்று எல்லாம் வந்தன. பார்க்க அழகுதான், குறை சொல்லவில்லை. படம் எடுக்க வருகிறவர்களுக்குப் பெரிய தெரு போதும். இங்கே வாழ்கிறவர்கள் நடப்பது பக்கத்துச் சந்துகளில், லோங்காங் என்கிற சாக்கடை ஓரத்தில்.

தரையில் மஞ்சள் நிறத்தில் புடைத்துக்கொண்டு கோடு போட்டிருக்கிறார்களே, அழகுக்கா?

இதைக் கேட்காத ஆளில்லை. அது பார்வையற்றவர்களுக்கான வழித்தடம். ஜப்பானில் செய்ச்சி மியாகே என்பவர் கண்டுபிடித்தது, 1967-ல் ஒக்கயாமா நகரில் பார்வையற்றோர் பள்ளி அருகே முதலில் பதித்தார்கள். நீளக் கோடு என்றால் “போ”. வட்டப் புள்ளி என்றால் “நில், முன்னால் ஏதோ இருக்கிறது”. காலும் கைத்தடியும் அதைப் படிக்கும்.

1951-ல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கத்தின் தலைமையகம் பிரிக்ஃபீல்ட்ஸில்தான். பயிற்சிக்கு வந்தவர்கள், உடம்பு பிடித்துவிடும் தொழில் செய்கிறவர்கள் என்று நாட்டிலேயே பார்வையற்றவர்கள் அதிகம் நடக்கிற தெருக்கள் இவை. எங்கள் நண்பர் முதல் நடையிலேயே ஒரு பாடம் நடத்தினார். நாங்கள் “நல்ல பாதை” என்று குறித்து வைத்த இடத்தில் தடம் நேராகப் போய் ஒரு விளக்குக் கம்பத்தில் முட்டி நின்றது. அவர் நெற்றியைத் தடவிக்கொண்டு, “கோடு போட்டவருக்குக் கண் தெரியும் போலிருக்கிறது” என்றார். அதற்கப்புறம் அவர் முன்னே, நாங்கள் பின்னே.

கடைக்காரர்களிடமும் மோட்டாரோட்டிகளிடமும் ஒன்றுதான் கேட்கிறோம்: அந்த மஞ்சள் தடத்தின்மேல் எதையும் நிறுத்தாதீர்கள், பிளாஸ்டிக் நாற்காலியைக்கூட.

நடைபாதையில் மோட்டார் சைக்கிள் ஏறி வருகிறது. கம்பம் நட்டால் தீர்ந்ததே?

தீராது. இதில் நாங்களே ஒரு தடவை தப்புச் செய்தோம்.

நடைபாதைக்குள் மோட்டார் வராமலிருக்கக் கம்பங்களை நெருக்கமாக நடச் சொல்லி எழுதினோம். நட்டார்கள். மோட்டார் நின்றது. மறுமாதம் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனால் அதுவும் நின்றது! கம்பத்துக்குக் கம்பம் 90 சென்டிமீட்டராவது இடைவெளி இருந்தால்தான் நாற்காலி நுழையும். ஆனால் கப்சாய் எனும் சின்ன மோட்டாரின் கைப்பிடி அதைவிடக் குறுகல். நாற்காலி நுழைகிற இடத்தில் மோட்டாரும் நுழையும், இதைக் கம்பத்தால் மட்டும் வெல்ல முடியாது.

அப்புறம்தான் மோட்டார் ஏன் ஏறுகிறது என்று நின்று பார்த்தோம். பாதிப்பேர் உணவு கொண்டுபோகும் பையன்கள். கடை வாசலில் நிறுத்த இடமில்லை. சுற்றி வர ஒரு கிலோமீட்டர், இப்படி ஏறினால் முப்பது மீட்டர். அவர்களுக்குத் தெருவில் கோடு போட்டு நாலு மோட்டார் நிற்க இடம் கொடுத்தால் நடைபாதைக்கு வருவது குறையும். ஒரு கார் நிற்கும் இடத்தில் நாலு மோட்டார் நிற்கும். இதை எழுதிக் கேட்டிருக்கிறோம்.

பெண்கள் இரவில் நடந்தால் வழிப்பறி ஆகாதா?

பையைப் பறித்துக்கொண்டு மோட்டாரில் பறப்பவர்களால் இழுபட்டு விழுந்தவர்களை நம் எல்லாருக்கும் தெரியும். 2004-ல் தொடங்கிய ‘பண்டார் செலாமாட்’ (பாதுகாப்பான நகர்) திட்டத்தில், நடைபாதையையும் வண்டிகள் ஓடும் தடத்தையும் வேலியால் பிரிப்பது முக்கிய வேலையாக இருந்தது. ரோட்டோரத்தில் இரும்புத் தடுப்பு நிற்பதற்கு அது ஒரு காரணம்.

ஆனால் தடுப்பு இருந்தும் வெளிச்சமில்லாத நீண்ட பாதை பயமாகத்தான் இருக்கிறது. எங்கள் ஆசிரியை சொல்வார்: “கேமராவைவிட எனக்குத் தோசைக் கடை பாதுகாப்பு.” இரவு பதினொரு மணி வரை திறந்திருக்கும் கடை, வாசலில் பூ விற்கிறவர், மாடியிலிருந்து எட்டிப் பார்க்கிற ஜன்னல். இதெல்லாம் இருக்கிற தெருவில் அவர் தனியாகப் போவார். மதில் சுவர் மட்டும் இருக்கிற தெருவில் போகமாட்டார். பை ரோட்டுப் பக்கத்துத் தோளில் வேண்டாம் என்பதை மட்டும் நானும் சொல்லி வைக்கிறேன்.

ரோட்டைக் கடக்க மேம்பாலம்தான் கட்டித் தருகிறார்களே?

ஜெஜந்தாஸ் என்கிற இந்த நடைமேம்பால விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

லாரி அடியில் போக வேண்டும் என்பதால் நடைமேம்பாலம் ஐந்து மீட்டருக்கு மேலே நிற்கும். படி ஒன்று 15 சென்டிமீட்டர் என்று வைத்தால் ஏற 35 படி, இறங்க 35 படி. எட்டுத் தடவை கடந்தால் பத்துமலை ஏறிய கணக்கு. பதினைந்து மீட்டர் ரோட்டைக் கடக்க இவ்வளவு. முழங்கால் தேய்ந்தவர், பிள்ளை வண்டி தள்ளும் தாய், அரிசி மூட்டை தூக்கி வருகிறவர் எல்லாரும் ஏற வேண்டும். காரில் இருப்பவர் குளிர்சாதனத்தில் உட்கார்ந்தபடி காலை அழுத்தினால் போதும். மின்தூக்கி வைத்த பாலங்களும் உண்டு. வைத்ததற்கு நன்றி. அது ஓடுகிற நாளில் இன்னும் நன்றி.

நெடுஞ்சாலைக்கு மேலே பாலம் வேண்டும், மறுக்கவில்லை. கடைத்தெருவில் வேண்டியது தரையிலேயே கடக்கும் கோடும் விளக்கும். விளக்கு இருந்தால் மட்டும் போதாது, அது எத்தனை விநாடி எரிகிறது என்பதைப் பாருங்கள். பொறியியலாளர்கள் பொதுவாக ஒருவர் விநாடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்று கணக்கு வைக்கிறார்கள். 14 மீட்டர் அகல ரோட்டை அவர் 12 விநாடியில் தாண்டிவிடுவார். முதியவர் விநாடிக்கு 0.8 மீட்டர்தான் நடப்பார் என்றால் அவருக்கு 17 விநாடிக்கு மேல் வேண்டும். அந்த ஐந்து விநாடி நேரம் அவர் ரோட்டின் நடுவே, ஹாரன் சத்தத்தில் நிற்கிறார். எங்கள் மாணவர்கள் கைப்பேசியில் விநாடி எண்ணுகிறார்கள். “பச்சை விளக்கு சீக்கிரம் போய்விடுகிறது” என்று எழுதினால் பதில் வராது, “11 விநாடி, ரோடு 14 மீட்டர்” என்று எழுதினால் யாராவது எடுத்துப் பார்க்கிறார்கள்.

தெருவில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் வேண்டாம் என்று ஏன் பிடிவாதம்? மாட்டு வண்டியா ஓட்டச் சொல்கிறீர்கள்?

50 கிலோமீட்டர் வேகத்தில் போகிற கார் ஒரு விநாடியில் 14 மீட்டர் ஓடும். பிள்ளை குறுக்கே ஓடுவதைப் பார்த்து, மூளைக்கு உறைத்து, பிரேக்கில் காலை வைக்க ஒரு விநாடி. அதற்கப்புறம் பிரேக் பிடித்து நிற்க இன்னும் 14 மீட்டர் போல. ஆக 28. முப்பதில் வந்தால் எட்டும் ஐந்தும் பதின்மூன்று மீட்டரில் நின்றுவிடும். முப்பதில் அது வெறும் பயம், ஐம்பதில் ஆஸ்பத்திரி.

2020-ல் ஸ்டாக்ஹோமில் கூடிய நாடுகள், நடப்பவரும் வண்டியும் கலக்கிற இடங்களில் 30-தான் உச்ச வேகம் என்று தீர்மானம் எழுதின. உலகில் ஆண்டுக்கு ஏறக்குறைய 12 லட்சம் பேர் சாலையில் சாகிறார்கள், அவர்களில் ஐந்தில் ஒருவர் நடந்து போனவர். நாங்கள் நெடுஞ்சாலையில் கேட்கவில்லை. பள்ளி, கோயில், சந்தை, ஆஸ்பத்திரி வாசலில் கேட்கிறோம். பலகை வைத்தால் போதாது. ரோட்டைக் குறுக்கி, கடக்கும் இடத்தை நடைபாதை உயரத்துக்குத் தூக்கி வைத்தால், பலகையைப் படிக்காதவரும் மெதுவாகத்தான் போவார்.

கார் நிறுத்த இடமில்லாவிட்டால் என் வியாபாரம் என்ன ஆகும்?

மளிகைக்கடை அண்ணன் ஒருவர் என்னிடம் கோபமாகக் கேட்டது இது. அவரிடம் திருப்பிக் கேட்டேன்: “பாசார் மாலாம் அன்று வியாபாரம் எப்படி, அண்ணே?” சிரித்துவிட்டார்.

செராஸ் தாமான் கொன்னாட்டில் ஒவ்வொரு புதன்கிழமை இரவும் ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டருக்கு இந்தப் பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையைப் போடுகிறார்கள். ரோடு முழுக்கக் கடை, கார் உள்ளே வரமுடியாது. கூட்டம் குறைந்ததா? தீபாவளி நேரத்தில் நம் தெருவில் கூடாரம் போட்டால் காரா வருகிறது, காலா வருகிறது? ஒரு கார் நிற்கிற இடத்தில் பெரும்பாலும் ஓர் ஆள் வந்து ஒன்றரை மணி நேரம் நிறுத்திவிட்டு வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்டுப் போகிறார். அதே நேரத்தில் அந்த நடைபாதையில் எத்தனை பேர் போகிறார்கள் என்று ஒரு நாள் எண்ணிப் பாருங்கள்.

எல்லாக் கடைக்கும் இது பொருந்தும் என்று சத்தியம் செய்யமாட்டேன். அரிசி மூட்டை, கேஸ் சிலிண்டர், கல்யாணச் சாமான் விற்கிறவருக்கு வண்டி வாசலுக்கு வந்தே ஆக வேண்டும். காலையில் சரக்கு இறக்க நேரம் ஒதுக்கலாம். அதுகூட இல்லாமல் ஒரே நாளில் தெருவை மூடச் சொல்லும் ஆட்கள் நாங்கள் இல்லை.

காக்கி லீமாவில் சாமான் வைப்பது எங்கள் உரிமைதானே? கடை எங்களுடையது.

கடை உங்களுடையது, வழி எல்லாருடையது. 1974-ஆம் ஆண்டுச் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 46-ஆம் பிரிவு அந்த நடைவழியை அடைத்து வைப்பதைக் குற்றமாகத்தான் சொல்கிறது. ஆனால் சட்டத்தைக் காட்டி நாங்கள் யாரையும் மிரட்டுவதில்லை. பூக்கடை வெளியே இல்லாத பிரிக்ஃபீல்ட்ஸை யாருக்கும் பிடிக்காது, எனக்கும் பிடிக்காது. ஒன்றரை மீட்டர் விட்டுவிடுங்கள், மல்லிகை மீதியில் மணக்கட்டும்.

‘கார் இல்லாத ஞாயிறு’ பயனுள்ளதா, வெறும் விழாவா?

இரண்டும். கொலம்பியாவின் பொகோட்டாவில் 1974-லிருந்து ஞாயிறுகளில் பெரிய சாலைகளை நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் திறந்து விடுகிறார்கள், இன்று அது நூறு கிலோமீட்டரைத் தாண்டுகிறது. கோலாலம்பூர் மாநகர் மன்றமும் சில ஞாயிறு காலைகளில் நகர மையத்துச் சாலைகளைக் காருக்கு மூடுகிறது. ஜாலான் சுல்தான் இஸ்மாயில் நடுவே நின்று மேலே பார்க்கக் கிடைப்பது தனி அனுபவம். பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள்.

என் குறை ஒன்றுதான். அங்கே போகப் பலர் காரில் வந்து, பக்கத்துச் சந்தில் நிறுத்திவிட்டு நடக்கிறார்கள்.

மருத்துவர் நடக்கச் சொல்கிறார். பூங்காவில் நடந்தால் போதாதா?

போதும், நேரம் இருந்தால். 2019 தேசியச் சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களில் 31.4 விழுக்காடு, மூன்றில் ஒருவருக்கு நெருக்கம். உலகச் சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடலுழைப்பைச் சொல்கிறது. இரண்டு வேலை பார்க்கும் அக்காவுக்குப் பூங்காவுக்குப் போக நேரமேது? ரயில் நிலையத்துக்குப் போக 15 நிமிடம், வர 15 நிமிடம், ஐந்து நாள். 150 வந்துவிட்டது, தனியாக ஷூ வாங்கவும் வேண்டாம்.

பிள்ளைகளைப் பள்ளிக்கு நடத்தி அனுப்ப முடியுமா?

‘நடைப் பேருந்து’ என்று ஒன்று ஆஸ்திரேலியாவிலும் இங்கிலாந்திலும் 1990-களில் வந்தது. பெரியவர் ஒருவர் முன்னே, ஒருவர் பின்னே, நடுவில் வரிசையாகப் பிள்ளைகள். வீடு வீடாக நின்று சேர்த்துக்கொண்டு போவார்கள். நம் தமிழ்ப்பள்ளிகளுக்கு ஒரு சிக்கல்: குடும்பங்கள் தூரத்துத் தாமான்களுக்கு, அதாவது புதுக் குடியிருப்புகளுக்கு, மாறிவிட்டதால் பெரும்பாலான பிள்ளைகள் வேனில்தான் வருகிறார்கள். வேன் பள்ளி வாசலில் நிற்காமல் இருநூறு மீட்டர் தள்ளி இறக்கிவிட்டால், அங்கிருந்து வரிசையாக நடக்கலாம். வாசல் நெரிசலும் குறையும். ஒரு பள்ளியில் பேசிப் பார்த்தோம். பெற்றோர் ஒப்புக்கொண்டார்கள், நடைபாதை இல்லை என்பதால் நின்றுவிட்டது.

யாரிடம் புகார் சொல்வது? சொன்னால் கேட்பார்களா?

கோலாலம்பூரில் நீங்கள் ஓட்டுப் போட்டு ஊராட்சி உறுப்பினரைத் தேர்ந்தெடுக்க முடியாது. 1952-ல் இங்கே நகராட்சித் தேர்தல் தொடங்கியது, 1960-களின் தொடக்கத்தில் நின்றது, 1965-ல் நாடு முழுக்கவே நிறுத்தி வைத்தார்கள், அப்புறம் திரும்பவே இல்லை. மேயரான டத்தோ பண்டார் நியமிக்கப்படுகிறவர். எனவே நமக்கு இருப்பது நாடாளுமன்ற உறுப்பினரின் சேவை மையமும் மாநகர் மன்றத்தின் ‘அடு கேஎல்’ புகார்த் தளமும்தான். இரண்டுக்கும் ஒரே நாளில் அனுப்புங்கள்.

எழுதும் முறை முக்கியம். மலாயில் எழுதுங்கள். ஒரு புகாரில் ஒரு குறை மட்டும். தெருப் பெயர், பக்கத்து விளக்குக் கம்பத்து எண், படம், அளவு. படத்தில் ஒரு ஆள் நிற்கட்டும், பள்ளத்தின் ஆழம் தெரியும். கிடைக்கிற எண்ணைக் குறித்து வையுங்கள், மூன்று வாரம் கழித்து அதே எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். “உங்கள் தெருவில் எல்லாமே மோசம்” என்று நீளமாக எழுதிய என் முதல் கடிதத்துக்கு இன்றுவரை பதிலில்லை.

இன்னொன்று, இடம் யாருடையது என்று பாருங்கள். நிலையப் படிக்கட்டு ரயில் நிறுவனத்துடையது, அடுத்த அடியிலிருந்து மாநகர் மன்றத்துடையது, பக்கத்து மேம்பாலம் சாலை நிறுவனத்துடையது. அந்தச் சந்திப்பில்தான் ஓடு உடைந்து கிடக்கும், ஏனென்றால் இரண்டு பேரும் அடுத்தவருடையது என்பார்கள். அப்படி ஒரு மூலைக்காக இரண்டு அலுவலகத்துக்கு ஏழு மாதம் அலைந்தோம்.

2024 ஆகஸ்ட் 23-ஆம் தேதி மஸ்ஜித் இந்தியா சாலை நடைபாதையில் தரை உள்வாங்கி, இந்தியாவிலிருந்து வந்த ஒரு பெண்மணி விழுந்து, ஒன்பது நாள் தேடியும் கிடைக்கவில்லை. அதற்கப்புறம் நடைபாதைப் புகார்களுக்குப் பதில் வேகமாக வருவதாக எனக்குப் படுகிறது. இப்படி ஒன்று நடந்துதான் வர வேண்டுமா என்றும் படுகிறது.

கூடி நடக்கப் போலீஸ் அனுமதி வேண்டாமா?

அமைதிப் பேரணிச் சட்டப்படி பேரணிக்கு ஐந்து நாள் முன்னதாகப் போலீசுக்குத் தெரிவிக்க வேண்டும். பத்துப் பேர் நடைபாதையில் அளவு நாடாவோடு போவதை யாரும் பேரணியாகப் பார்த்ததில்லை. பதாகை, ஒலிபெருக்கி, ரோட்டை மறிப்பது என்று யோசித்தால் முதலில் நிலையத்தில் போய்ப் பேசிவிடுங்கள்.

எங்கள் தாமானிலும் செய்ய வேண்டும். எப்படித் தொடங்குவது?

உங்கள் வீட்டில் மிக மெதுவாக நடப்பவர் யாரோ அவரோடு கடைக்குப் போய் வாருங்கள். அவர் எங்கே கையைப் பிடிக்கிறாரோ அங்கே குறித்துக்கொள்ளுங்கள். முதல் பட்டியல் தயார். பெரிய கனவு, பெரிய பேனர் எல்லாம் பிறகு. முதலில் சீக்கிரம் சரிசெய்யக்கூடிய ஒன்றை எடுங்கள், ஒரு மூடி, ஒரு விளக்கு. அது நடந்துவிட்டால் அக்கம்பக்கத்தார் தாங்களே அடுத்ததைச் சொல்ல வருவார்கள்.

இதுவரை என்ன சாதித்தீர்கள்?

லோங்காங் மூடி மூன்று. அதில் ஒன்று நான் விழுந்து முட்டி பெயர்த்த இடம். எரியாத விளக்கு ஐந்து. கம்பத்தில் முட்டிய மஞ்சள் தடம் கம்பத்தைச் சுற்றிப் போகிறது இப்போது. நண்பர் தடவிப் பார்த்துவிட்டு, “சுற்று வழிதான், பரவாயில்லை” என்றார். ஒரு நடைபாதை முனையில் சரிவு போட்டார்கள், 15 சென்டிமீட்டர் உயரத்துக்கு 1.8 மீட்டர் நீளச் சரிவு வேண்டும், போட்டது அதில் பாதி. செங்குத்தாக இருக்கிறது. திரும்ப எழுதியிருக்கிறோம், எண் வந்திருக்கிறது. மூன்று வாரம் வருகிற வியாழக்கிழமையோடு முடிகிறது.